வானகரம் தாண்டிவிட்டாள்

போனில் பேசுவதற்கு எனக்கு நல்ல குரல் என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால்தான் டாக்டர், நூம்பலில் நம் அந்திமகாலப் பராமரிப்பு இல்லம் தொடங்கிய மூன்றாம் மாதமே அந்த வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். நோயாளிக்கு நேரம் நெருங்குகிறது என்று நர்ஸ் சொன்னால், நான் வீட்டாரைக் கூப்பிட்டு வரச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் பதறிப்போய் வண்டியை எங்காவது மோதிவிடாதபடி சொல்ல வேண்டும். எனக்கு அது நன்றாகவே வந்தது.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். ஞானம்மாளின் மகள் நிவேதிதாவும் இதைப் படிப்பார் என்றீர்கள். படிக்கட்டும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நர்ஸ் லாவண்யாவை இதில் இழுக்காதீர்கள். அந்தப் பெண் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தாள்.

என் வீட்டுக்காரர் ரகுநாதன் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். குவார்ட்டர்ஸில் இருபத்தாறு வருடம் குடித்தனம், பிள்ளை குட்டி கிடையாது. அவர் போனது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அவர் மூச்சு நின்று முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஒருவர் வந்து சொன்னார். "வல்லி, வல்லின்னு கேட்டாரும்மா" என்று தரை துடைக்கிற பெண் பிற்பாடு சொன்னாள். அந்த ஆஸ்பத்திரிக்காரர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன்.

அப்படிப்பட்டவள் எப்படி இதைச் செய்யலாம் என்று நீங்கள் கேட்டீர்கள். அதற்குக் காரணம் உண்டு. திருமழிசையிலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்து சேர்த்தார்களே, ஸ்ரீநாத்தின் அப்பா, நினைவிருக்கும். மனிதர் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தார். நான் நேரத்துக்குக் கூப்பிட்டேன். பிள்ளைகள் மூன்று பேரும் வந்து கட்டிலில் விழுந்தார்கள். "அப்பா, கண்ணத் தொறப்பா" என்று ஸ்ரீநாத் தோளைப் பிடித்து உலுக்கினார். பெரியவர் கண்ணைத் திறந்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். வாயில் முதலில் பால் ஊற்றுவது யார் என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம். ஊற்றிய பால் கழுத்து வழியாகத் தலையணையில் இறங்கியது. நான்தான் துடைத்தேன்.

அடுத்து ஒருவர் போனபோது வீட்டாரின் போன் உண்மையிலேயே கிடைக்கவில்லை. சமையலறையிலிருந்து பால் கொண்டுவந்து ஸ்பூனால் இரண்டு சொட்டு நானே விட்டேன். கையைப் பிடித்துக்கொண்டேன். நல்ல சாவு. அதற்கு அடுத்தவருக்கு நான் நம்பரைப் போடவே இல்லை.

அப்படி ஞானம்மாளோடு சேர்த்து ஒன்பது பேர். எல்லா வீட்டாரிடமும் ஒன்றைத்தான் சொன்னேன். திடீரென்று ஆகிவிட்டது, தூக்கத்திலேயே போய்விட்டார், யாரையும் தேடவில்லை. அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரு குடும்பம் வருடா வருடம் தீபாவளிக்கு எனக்குப் புடவை அனுப்புகிறது. ஆறுதல் தராததற்கு யாராவது புடவை அனுப்புவார்களா?

ஞானம்மாள் வயிற்றுப் புற்றுநோயோடு வந்தவர், கும்பகோணம் பக்கம். நிவேதிதா ஒரே மகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. வேலை. ஐந்து வாரமும் ஒரு நாள் தவறாமல் ஆபீஸ் விட்டதும் ஸ்கூட்டரில் வந்துவிடுவார். அம்மாவுக்குத் தலை வாரிவிடுவார், வாட்ஸ்அப்பில் வந்த சிரிப்பு வீடியோக்களைக் காட்டுவார். லீவெல்லாம் தீர்ந்துபோய்விட்டது என்று ஒரு நாள் வராந்தாவில் என்னிடம் அழுதார்.

"நீ தைரியமா ஆபீஸ் போம்மா, ஏதாவதுன்னா நான் கூப்பிடறேன்" என்றேன்.

"ஒரு போன் போதும் வல்லிம்மா. இருபது நிமிஷத்துல வந்துடுவேன். மறந்துடாதீங்க."

நான் மறக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஞானம்மாளின் மூச்சு மாறியது. கால் சில்லிட்டிருந்தது. லாவண்யா உடனே வந்து சொன்னாள். சரி என்று சொல்லிவிட்டு இல்லத்துப் போனை மேஜை டிராயரில் வைத்தேன். பன்னிரண்டரைக்கு லாவண்யா கேட்டாள், ஆபீஸில் மீட்டிங், கிளம்புகிறார் என்றேன். இரண்டு மணிக்குக் கேட்டாள், வானகரம் தாண்டியாயிற்று, அங்கே ஏக நெரிசலாம் என்றேன். அதற்குமேல் அவளுக்கு வேறு கட்டிலில் வேலை இருந்தது.

ஞானம்மாளுக்கு நினைவு தப்பவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. பார்வைதான் மங்கிவிட்டது. "நிவி வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வந்துகொண்டிருக்கிறாள், வானகரம் தாண்டிவிட்டாள் என்று அவருக்கும் அதையே சொன்னேன். எத்தனை தடவை என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் முகம் கொஞ்சம் தெளியும், பிறகு மறுபடியும் வாசல் பக்கம் திரும்பும்.

அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. மூன்றரை மணி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து, "வந்துட்டேம்மா" என்றேன்.

அவர் என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். "கை ஏண்டி இப்படிக் காய்ச்சுப் போயிருக்கு?"

"வண்டி ஓட்டிட்டு வந்தேன்லம்மா."

"மெதுவா வரக் கூடாதா" என்றார். அதன் பிறகு பேசினார். கொஞ்ச நேரம், விட்டு விட்டு, ஆனால் தெளிவாகப் பேசினார். நான் உம் கொட்டினேன். பால் விட்டேன். நான்கு மணிக்கு முடிந்தது. என் வாழ்க்கையில் நான் அப்படி அழுததில்லை, என் வீட்டுக்காரருக்குக்கூட.

நான்கு பத்துக்கு நிவேதிதாவைக் கூப்பிட்டேன். இருபத்திரண்டு நிமிடத்தில் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து கட்டிலருகே நின்றார். "இப்பத்தாம்மா, ஒரு நிமிஷம் முன்னாடி" என்று சொல்லி, டம்ளரில் மீதியிருந்த பாலை அவர் கையில் கொடுத்தேன். "உடம்பு இன்னும் சூடாத்தான் இருக்கு, ஊத்தும்மா." ஊற்றினார். காலையில் ஆபீஸ் போயிருக்கவே கூடாது என்று தலையில் அடித்துக்கொண்டார். இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, அம்மா தூக்கத்தில்தான் இருந்தார்கள் என்று தேற்றினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நோயாளிகளுக்கெல்லாம் மதியச் சாப்பாடு கொண்டுவந்தார். பக்கத்துக் கட்டில் கெங்கம்மாளுக்கு அவரே ஊட்டிவிட்டார். அப்போதுதான் அந்த அம்மா வாயைத் திறந்தது. "இன்னாம்மா நீ, அம்மாந்நேரம் எங்க போயிட்ட? பகல் பூரா உன் பேரத்தான் சொல்லிகினு கெடந்துச்சு. இவங்க தாண்டிட்டா, தாண்டிட்டான்னு சொல்லிகினே இருந்தாங்க."

நிவேதிதா என்னைத் திட்டவில்லை. தன் போனை எடுத்து அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த அழைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கெங்கம்மாளுக்கு மீதிச் சோற்றையும் ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, உங்கள் அறைக்கு வந்தார்.

ஆகவே ஒத்துக்கொள்கிறேன். ஞானம்மாள் நாலரை மணி நேரம் மகளைக் கேட்டார், மகள் இருபது நிமிடத் தொலைவில் இருந்தாள், நான் கூப்பிடவில்லை. மற்ற எட்டுப் பேரின் வீட்டாருக்கும் நீங்கள் கடிதம் எழுதலாம். நான் செய்தது போகிறவர்களின் நிம்மதிக்காக. எனக்கென்று இதில் ஒன்றும் இல்லை.

நேற்று நிவேதிதா உங்கள் மூலமாக ஒன்று கேட்டிருந்தார். போலீசுக்குப் போக மாட்டாராம், என் முகத்தில் விழிக்கவும் மாட்டாராம், அம்மா கடைசியில் பேசியது என்ன என்று மட்டும் எழுதித் தந்தால் போதுமாம். பெற்றவளைப் பறிகொடுத்த பெண், கேட்கத்தான் செய்வார். எனக்கு அது ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. தினமும் படுக்கும்முன் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் அதை எழுத முடியாது டாக்டர். அம்மா என்னிடம் சொன்னதை நான் எப்படி வெளியாட்களுக்குச் சொல்வேன்.