எரிகோவின் வாரச் செய்தி

திங்கள்

டோல்மன்: நூத்தி அறுபத்தெட்டு மணி நேரம்.

ஃபொனோட்டி: யாரு கேட்டா?

டோல்மன்: அடுத்த திங்கள், இதே பத்து மணி, புக்காரெஸ்ட் ரயில். கணக்கு சரியா பாரு.

ஃபொனோட்டி: ஏழு தரம் இருபத்துநாலு… சரிதான். சாகப்போறவ முகத்துல என்ன தெளிவு!

டோல்மன்: கொல்லப்போறவ நீதான். ஒன்றரை வருஷ ஊழியத்தை முடிச்சு வீட்டுக்குப் போறதுக்கு ‘சாவு’ன்னு யாருடி பேர் வெச்சது?

ஃபொனோட்டி: நமக்கு முன்னாடி வந்த ஏதோ ஒரு சிஸ்டர். கடைசியா ஜோடியா ஊழியம் பண்ற துணைக்குக் கொலைகாரின்னு பேர் வெச்சதும் அவதான். மெதுவா பேசு. கம்ப்யூட்டர் கடைக்காரர் திரும்பிப் பாக்குறார்.

டோல்மன்: மதம் பரப்ப வந்த மார்மன் பொண்ணுங்கன்னா அவர் எப்பவும் அப்படித்தான் பாப்பார். மெயிலைத் திற. நமக்கு வாரத்துக்கே ஒரு மணி நேரம்தான் அனுமதி.

ஃபொனோட்டி: எங்கம்மா… சாப்பிட்டியா, தூங்கினியா, துணையோட சண்டை போடாதே. அவ்ளோதான். எரிகோ இந்த வாரம் என்ன பண்ணான்?

டோல்மன்: இரு… ம்… பிஷப் வீட்டுக்கு வந்திருந்தாராம். தொப்பியைக் கழட்டி வேலியில மாட்டினாராம்.

ஃபொனோட்டி: போச்சு.

டோல்மன்: எரிகோ தொப்பியை மட்டும் இழுக்கலையாம். வேலியையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிட்டானாம்.

ஃபொனோட்டி: நாய்க்கு, பைபிள்ல சுவர் இடிஞ்சு விழுந்த எரிகோ ஊர் பேரை வெச்சா சுவர் நிக்குமா, வேலி நிக்குமா? காட்டு, நானும் படிக்கிறேன்.

டோல்மன்: ஏய், இது என் கடிதம். உன்னுதைப் படி.

ஃபொனோட்டி: என்னுது முடிஞ்சு… அட, உங்கம்மா எனக்கும் எழுதியிருக்காங்க.

டோல்மன்: எங்கம்மாவா? உனக்கா?

ஃபொனோட்டி: இரு, படிக்கிறேன்.

டோல்மன்: என்னவாம்? ஏய், ஃபொனோட்டி?

ஃபொனோட்டி: ஒண்ணுமில்ல. ஒரு… கேக். செய்முறை அனுப்பியிருக்காங்க. உன்னை வழியனுப்பும்போது செய்யச் சொல்லி.

டோல்மன்: என்ன கேக்?

ஃபொனோட்டி: உருளைக்கிழங்கு கேக்.

டோல்மன்: ஓ.

ஃபொனோட்டி: உங்க ஐடஹோவுல அதானே விளையுது?

டோல்மன்: ஆமா. அதான் விளையுது.

செவ்வாய்

ஃபொனோட்டி: இன்னும் எத்தனை மாடி?

டோல்மன்: மூணு. மேல இருந்து கீழ தட்டிட்டு வரலாம். கால் வலிச்சாலும் வீட்டுக்குப் போற பக்கமாத்தான் இறங்குவோம்.

ஃபொனோட்டி: இதை யாரு சொல்லிக் கொடுத்தது?

டோல்மன்: இதே பிரைலா ஊர்ல, இதே கட்டடத்துல, என் முதல் துணை. அன்னிக்கு நான் தட்டின முதல் கதவு அதோ, பச்சை. மனப்பாடம் பண்ணின ரொமானியன் மொத்தமும் மறந்துபோச்சு. ‘நன்றி’ன்னு மட்டும் சொன்னேன்.

ஃபொனோட்டி: அவர் என்ன சொன்னார்?

டோல்மன்: ‘எதுக்கு?’ன்னார்.

ஃபொனோட்டி: ஹாஹா… பயிற்சி எடுக்காமலா வந்தே?

டோல்மன்: எடுத்தேனே. வீட்டுல, கொட்டகைக் கதவைத் தட்டித் தட்டி. உள்ள எரிகோ உக்காந்திருப்பான். கதவைத் திறந்து, ‘இயேசு கிறிஸ்துவைப் பத்திப் பேச வந்திருக்கோம்’னு ஆரம்பிப்பேன். கொட்டாவி விடுவான். ஆனா எழுந்து போக மாட்டான்.

ஃபொனோட்டி: பிரைலாக்காரங்களுக்கு அவன் பரவால்ல.

டோல்மன்: நான் பேசினதை முழுசா கேட்ட ஒரே ஆள் அவன். எட்டு வயசுல எனக்கு ஞானஸ்நானம் ஆச்சில்ல, அன்னிக்கு சாயந்தரம்தான் அப்பா அவனைக் கூடையில கொண்டுவந்தார். வீட்டுல ஏழு பேர். எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்க. நான் அவனோட மட்டும்தான் பேசுவேன்.

ஃபொனோட்டி: டோல்மன்…

டோல்மன்: ம்?

ஃபொனோட்டி: உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

டோல்மன்: சொல்லு.

ஃபொனோட்டி: …உன் ஷூ லேஸ் அவுந்திருக்கு.

டோல்மன்: இது லேஸ் இல்லாத ஷூ.

ஃபொனோட்டி: அப்ப சரி. தட்டு, தட்டு. இந்தக் கதவு.

வியாழன்

டோல்மன்: இந்த மணி நல்லா இருக்கில்ல? ஆட்டுக்குக் கட்டுறது.

ஃபொனோட்டி: சந்தைக்கு வந்தது உருளைக்கிழங்கு வாங்க.

டோல்மன்: வாங்கியாச்சு. இதைக் கேளு… எவ்ளோ தூரம் கேக்கும் தெரியுமா?

ஃபொனோட்டி: யாருக்கு?

டோல்மன்: எரிகோவுக்கு.

ஃபொனோட்டி: வேண்டாம்.

டோல்மன்: ஏன்?

ஃபொனோட்டி: கனம். பெட்டியில எடை கூடிடும்.

டோல்மன்: கைப்பையில வெச்சுப்பேன்.

ஃபொனோட்டி: விமான நிலையத்துல பிடுங்கிடுவாங்க.

டோல்மன்: மணியையா?

ஃபொனோட்டி: வேற ஏதாவது வாங்கு. அம்மாவுக்கு மேஜை விரிப்பு வாங்கு. அப்பாவுக்கு… தேன். நாய்க்கெல்லாம் யாராவது இவ்ளோ தூரத்துல இருந்து… வாங்காதேடி. ப்ளீஸ்.

டோல்மன்: ஏன் கண் கலங்குது உனக்கு?

ஃபொனோட்டி: எதிர்ல மிளகாய் கட்டித் தொங்குதே, தெரியல?

டோல்மன்: பத்தடி தள்ளித் தொங்குது… ஐயா, இந்த மணியைக் கொடுங்க. இல்ல, காகிதம் வேண்டாம். அப்படியே.

சனி

வியோரிகா: கேக்குல உருளைக்கிழங்கு! என் வீட்டு அடுப்புக்கு முப்பது வயசு. இப்படி ஒரு அவமானத்தை அது பாத்ததில்ல.

ஃபொனோட்டி: அமெரிக்கப் பழக்கம், வியோரிகா அக்கா.

வியோரிகா: காபியை விட்டுடு, ஞானஸ்நானம் எடுத்துக்கோன்னு அஞ்சு மாசமா சொல்றீங்க. இதைத் தின்னுட்டுக் காபியும் குடிக்கலன்னா மனுஷி பிழைப்பாளா? சர்க்கரை எவ்ளோ?

ஃபொனோட்டி: ம்… ரெண்டு கப்பு. மூணு?

டோல்மன்: அம்மா எவ்ளோன்னு எழுதியிருக்காங்க?

ஃபொனோட்டி: ‘கைக்கு வந்தபடி’ன்னு எழுதியிருக்காங்க.

டோல்மன்: அப்படியே எங்கம்மாதான்.

வியோரிகா: டோல்மன் பொண்ணே, பால்கனியில துணி காயுது. எடுத்துட்டு வா. கதவு திறந்தே இருக்கட்டும், உங்க சட்டம் எனக்குத் தெரியும். ஒருத்தி கண்ணுல இருந்து ஒருத்தி மறையக் கூடாது.

டோல்மன்: சரிக்கா.

வியோரிகா: …இப்போ சொல்லு. என்ன?

ஃபொனோட்டி: என்னக்கா என்ன?

வியோரிகா: ஒரு வாரமா மீன் முள்ளு மாட்டினவ மாதிரி இருக்கே.

ஃபொனோட்டி: மெதுவாக்கா… அவங்கம்மா ஒரு சேதி சொல்லச் சொல்லியிருக்காங்க. அவ ரயில் ஏறுறதுக்குள்ள.

வியோரிகா: கெட்ட சேதியா?

ஃபொனோட்டி: வாயைத் திறக்கிறேன். வேற ஏதோ வந்து விழுது. கேக், ஷூ லேஸ், மிளகாய்…

வியோரிகா: சொல்லாம அனுப்பினா?

ஃபொனோட்டி: வீட்டு வாசல்ல நின்னு தேடுவா. எல்லாரும் பாத்துட்டு நிப்பாங்க.

வியோரிகா: அப்போ சொல்லிடு. கேக்கைவிடக் கொடுமையா இருக்காது.

டோல்மன்: எது கொடுமையா இருக்காது?

வியோரிகா: உங்க ஊர்ச் சமையல். துணியை மடி, துணியை மடி.

திங்கள்

டோல்மன்: பன்னெண்டு நிமிஷம்.

ஃபொனோட்டி: எண்ணாதே.

டோல்மன்: லிண்டன் பூ வாசனை ஸ்டேஷன் வரைக்கும் வருது பாரேன். போன ஜூன்லயும் இப்படித்தான்.

ஃபொனோட்டி: நேத்து சபையில ஒருத்தர்கூட ரெண்டாவது துண்டு கேக்கல.

டோல்மன்: வியோரிகா அக்கா கேட்டாங்க.

ஃபொனோட்டி: கதவு சாத்தாம நிக்க அடியில வைக்கணும்னு கேட்டாங்க.

டோல்மன்: ஹாஹா… உன் புதுத் துணை இந்த ரயில்லதானே வந்து இறங்குறா? எங்கிட்ட பேசின மாதிரியே அவகிட்டயும் பேசாதே. பயந்துடுவா.

ஃபொனோட்டி: டோல்மன்.

டோல்மன்: ம்.

ஃபொனோட்டி: உங்கம்மா அனுப்பினது கேக் செய்முறை இல்ல.

டோல்மன்: தெரியும்.

ஃபொனோட்டி: தெரியுமா!

டோல்மன்: எங்கம்மாவுக்குக் கேக்கே செய்ய வராது. பாக்கெட் மாவைக்கூடக் கருக்கிடுவாங்க.

ஃபொனோட்டி: அப்போ சனிக்கிழமை எதுக்குடி என்னை மூணு கிலோ உருளைக்கிழங்கு மசிக்க விட்டே?

டோல்மன்: நடுவுல சொல்லிடுவேன்னு நினைச்சேன்.

ஃபொனோட்டி: நானும்தான் நினைச்சேன். ‘இறங்கினதும் அவனைத் தேடுவா, என்னால எழுத முடியல, நீ பக்கத்துல இருந்து சொல்லும்மா’ன்னு எழுதியிருந்தாங்க. நிமிர்ந்து பாக்குறேன், அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடிதான் நீ பிஷப் தொப்பியைப் படிச்சு முடிச்சிருந்தே. எனக்கு ஒண்ணுமே புரியல. எனக்கு இப்படி எழுதிட்டு உனக்கு ஏன் தொப்பிக் கதை எழுதுறாங்க?

டோல்மன்: எழுதல.

ஃபொனோட்டி: என்ன எழுதல?

டோல்மன்: தொப்பி. முன்னெல்லாம் அம்மா கடிதத்துல முதல் வரியே அவன்தான். நவம்பர்ல இருந்து ஒரு வரிகூட இல்ல.

ஃபொனோட்டி: அப்போ… போன வாரம் தொப்பி?

டோல்மன்: நான்.

ஃபொனோட்டி: அதுக்கு முந்தின வாரம், பக்கத்து வீட்டு வான்கோழியைத் துரத்தின கதை?

டோல்மன்: அதுவும் நான்.

ஃபொனோட்டி: அப்பாவோட ஒத்தை பூட்ஸ்? நான் அதை எங்கம்மாவுக்கு வேற எழுதினேனே!

டோல்மன்: உனக்கு முன்னாடி இருந்த துணைக்கும் படிச்சுக் காட்டினேன். அவளும் சிரிச்சா.

ஃபொனோட்டி: அம்மாகிட்டயே கேட்டிருக்கலாமே. கிறிஸ்மஸ்ல போன் பேசினியே.

டோல்மன்: நாப்பது நிமிஷம். பின்னாடி குரைக்கிற சத்தமே இல்ல. கேட்டா அம்மா பொய் சொல்லணும். அவங்களுக்கு வராது. அதான் நான் சொன்னேன்.

ஃபொனோட்டி: பொய் சொல்லக் கூடாதுன்னு வீடு வீடா போய்…

டோல்மன்: தெரியும், தெரியும்.

ஃபொனோட்டி: மணி?

டோல்மன்: வேலிக்கு. அவன் எப்பவும் உடைக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அங்க கட்ட.

ஃபொனோட்டி: …ரயில் வருது.

டோல்மன்: பெட்டியைக் கொடு.

ஃபொனோட்டி: மாட்டேன். ஒருதடவை வாய்விட்டுச் சொல்லு. வீட்டுல அவ்ளோ பேருக்கு முன்னாடி நின்னு முதல் தடவையா சொல்லாதே.

டோல்மன்: நீதானே சொல்லணும்? அம்மா உங்கிட்டதானே கொடுத்தாங்க?

ஃபொனோட்டி: என்னால முடியலடி. ஏழு நாளா முடியல.

டோல்மன்: …சரி. இன்னிக்குத் திங்கள். எப்பவும் கேக்குற மாதிரி கேளு.

ஃபொனோட்டி: எப்படி?

டோல்மன்: கேளு. ரயில் கதவைத் திறந்துட்டாங்க.

ஃபொனோட்டி: எரிகோ… இந்த வாரம் என்ன பண்ணான்?

டோல்மன்: எரிகோ செத்துப் போயிட்டான், ஃபொனோட்டி. நவம்பர்லயே.