பார்த்தா ஒண்ணு கூடும்

மும்பை சயானில் லோக்கல் ரயில் கிளம்பியதும் பக்கத்தில் நின்றவர் தன் மச்சானிடம் சொன்னார். “டிவில மன்னிப்பு கேட்டுட்டானுவ மச்சான். ஆனா நான் இன்னும் திருடன்தான்.”

நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

“போட்டோ மாறிப்போச்சுன்னு சொல்லிட்டானுவல்லா மாப்ள?” என்றார் மச்சான்.

“டிவில சொன்னானுவ. அதே சேனல் நெட்ல போட்ட வீடியோ அப்படியே ஓடுது. தாராவி திருடன்னு அடிச்சா மொதல்ல என் மூஞ்சிதான்.”

“கம்ப்ளெய்ன்ட் கொடுத்தியா?”

“கொடுத்தேன். டிவின்னா நாங்க பாப்போம், நெட்டுக்கு வேற ஆபீஸ்ங்கான். அங்க போனா, இது டிவி நியூஸ், அங்கயே போங்கான்.”

“சேட் என்ன சொல்லுதாரு?”

“திங்கக்கிழமைக்குள்ள வீடியோ போகலன்னா வொர்க்‌ஷாப் பக்கமே வராதங்காரு. இன்னைக்கு சனி, மச்சான்!”

“எங்க, காட்டு பாப்போம்.”

அவர் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். “நீங்களுமா? பாத்தா வியூஸ்ல ஒண்ணு கூடும். கூடக் கூட மேல தூக்கி வைக்கான்.”

குர்லாவில் இருவரும் இறங்கிப் போனார்கள்.

நான் போனில் ‘தாராவி திருடன்’ என்று அடித்தேன். முதலில் அவர் முகம்தான் வந்தது. ஏதோ கல்யாண போட்டோ போல, மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

முழு வீடியோவையும் பார்த்து முடித்த பிறகுதான் அவர் சொன்னது ஞாபகம் வந்தது.