வெள்ளத்தாய் பேரில் உள்ள படம்

— மொதல்ல முழுசாக் கேளுங்க, பொறவு திருத்தலாம். “மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் ஸ்கேன் மையத்துச் சர்வரைத் திறந்து பார்த்தபோது உடனிருந்தவர்கள்: அலமாரிக்கு எதிரே தரையில், ராஜபாளையத்திலிருந்து வந்த மெக்கானிக் வினோத். சன்னலோரம் நீல நாற்காலியில், நோயாளி வெள்ளத்தாய், வத்திராயிருப்பு. மேசையருகே நான், மையப் பொறுப்பாளர் அனுசியா.”

— நான் எந்த நாக்காலியில உக்காந்தேன்னு மதுரை டாக்டருக்கு எதுக்குத் தாயி?

— எங்க பள்ளிக்கூடத்துல கடுதாசி எழுதக் கத்துக்குடுத்த முறை அது, பெரியம்மா. யார் யார் இருந்தா, எங்க இருந்தா, என்ன பாத்தா. அப்பதான் படிக்கிறவருக்கு நம்பிக்கை வரும்.

— அக்கா, மெக்கானிக்னு போடாதீங்க. பைக் பாக்கிறவன்னு நெனச்சுக்கிடுவாரு. சிஸ்டம் இன்ஜினியர்னு போடுங்க.

— மொதல்ல சரி பண்ணு வினோத். பொறவு போடுதேன். மேல கேளுங்க. “தங்களிடம் சிகிச்சைக்கு வந்துள்ள மேற்படி வெள்ளத்தாயின் ஈரலில் முப்பத்திரண்டு மில்லிமீட்டர் கட்டி காணப்படுவதாகவும், இரண்டு வருடம் முன்பு அவரது காப்பீட்டு அட்டையின் பேரில் எங்கள் மையத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள்.” சரியா பெரியம்மா?

— சரிதான். பழைய படத்துலயும் இதே அளவு இருந்தா அது பாட்டுக்குக் கெடக்க மருவு மாதிரியாம், விட்டுரலாம்னாரு. சின்னதா இருந்து வளந்திருந்தா அறுக்கணுமாம். இன்னைக்குச் சாயங்காலம் டாக்டருமாரெல்லாம் கூடி உக்காந்து முடிவு பண்ணுதாவளாம்.

— அப்பக் குடுத்த பிலிம் எங்க பெரியம்மா? கவர்ல போட்டுக் குடுத்திருப்பாங்களே.

— மாட்டுக் கொட்டகையில சொருகி வச்சிருந்தேன்யா. கரையான் அரிச்சுட்டு.

— பிலிமையா? கரையான் பிளாஸ்டிக் திங்குமா?

— எங்க ஊருக் கரையான் திங்கும். நீ ஒம் பெட்டியைப் பாரு. வராட்டிப் போகட்டும். வரலைன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தா நான் பாட்டுக்குப் பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருவேன்.

— போகட்டும்னா எப்படி? அந்தப் படம் கெடச்சா ஒங்க வயித்துல கத்தியே வைக்காம விட்டாலும் விடுவாவ. வினோத், என்ன கோளாறுன்னு வரிசையாச் சொல்லு. எழுதணும்.

— ஒரு நிமிஷம்க்கா... ம், எழுதிக்கோங்க. படம் தொறக்க மாட்டேங்குது, சுத்திக்கிட்டே இருக்குன்னு ஆறு மாசமாச் சொன்னீங்கல்ல. மொதல்ல கேபிள் மாத்துனேன். பொறவு ஸ்விட்ச் மாத்துனேன். பொறவு ராம் மெமரி கூடப் போட்டேன்.

— ஒவ்வொரு தடவையும் இனிமே பறக்கும்னு சொன்ன.

— அம்புட்டும் தப்பு. கோளாறு டிஸ்க்குல. இதுக்குள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு. ரெண்டுலயும் ஒரே விசயத்தை எழுதி வைக்கும், ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கட்டும்னு. ஒண்ணு எப்பவோ செத்துப்போச்சு. மிச்சமிருக்கிறதும் இழுத்துக்கிட்டுக் கெடக்கு.

— செத்தது ஒருத்தருக்குமா தெரியலை?

— பீப் அடிச்சிருக்கும், பெரியம்மா.

— அடிச்சுச்சு. வந்த ஆளுக எல்லாம் காதைப் பொத்துனாவ. போன் போட்டா, பின்னாடி ஒரு பட்டன் இருக்கும், அமுக்குங்கன்னு நீதான சொன்ன?

— வந்து பாக்குறேன்னும் சொன்னேன்லக்கா.

— வந்தியா?

— வந்தேன். அன்னைக்குப் பூக்குழித் திருவிழா. பஸ் ஸ்டாண்டைத் தாண்ட முடியலை. திரும்பிட்டேன்.

— பொறவு?

— பொறவு சத்தம் வரலைன்னு நீங்களும் போன் போடலை. சத்தம் இல்லைன்னதும் நானும் மறந்துட்டேன்.

— அது கெடக்கட்டும். ஸ்லோவா இருந்ததுக்கும் செத்ததுக்கும் என்ன சம்பந்தம்?

— மிச்சமிருக்க டிஸ்க்குல அங்கங்க படிக்க முடியாத எடம் விழுந்திருக்கு. அதை விட்டுட்டுப் போகாம, அதே எடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சுப் பாக்குது. முடியலைன்னு ஒத்துக்கிட மாட்டேங்குது. அதுவரைக்கும் நாம காத்துக் கெடக்கணும்.

— எங்க வீட்டுக்காரரு மாதிரி. பட்டாளத்துல இருந்து வந்த நாளா பொழுதன்னைக்கும் ஒரே பேப்பரைத்தான் படிக்காரு. என்ன சேதின்னு கேட்டா முழிக்காரு.

— சிரிக்க வைக்காதீங்க பெரியம்மா, எழுத்து கோணுது. அப்பொறம் இந்தச் செவப்பு எழுத்துல என்னமோ வருதே, அது என்ன?

— எந்தப் படம் எந்த எடத்துல இருக்குன்னு கணக்கு வச்சிருக்கிறதுதான் ஃபைல் சிஸ்டம். அந்தக் கணக்கே கிழிஞ்சிருக்கு. அதான், இனிமே எதையும் எழுத விடமாட்டேன், படிக்க மட்டும் விடுவேன்னு தன்னைத்தானே பூட்டிக்கிட்டு நிக்குது.

— போன தடவை ரிப்பேர்னு ஒண்ணு போட்டியே, அதைப் போடேன்.

— ஐயையோ. சாகக் கெடக்கிற டிஸ்க்குல ரிப்பேர் போட்டா, இருக்கிறதையும் உருட்டிப் பொரட்டிப் போட்டிரும். மொதல்ல படிக்க முடிஞ்சதை இந்தப் புது டிஸ்க்குக்கு நகல் எடுக்கணும். படிக்க முடியாததைத் தாண்டிப் போயிட்டு, கடைசியாத் திரும்பி வரணும். அதுவரைக்கும் இது உயிரோட இருக்கணும்.

— இம்புட்டுப் பாடு எதுக்கு? பேக்கப் இருக்குல்லா? மாடத்துல கறுப்புப் பெட்டி ஒண்ணு வச்சியே.

— அதைத்தான்க்கா வந்ததும் தொறந்து பாத்தேன்.

— பாத்துட்டு?

— காலி.

— காலின்னா?

— ஒண்ணுமே இல்லை. வச்ச அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. எனக்கே புரியலை. பகல்ல பேக்கப் ஓடுனா படம் தொறக்க லேட்டாகும், ஆளுக சத்தம் போடுவாவன்னு நீங்கதான சொன்னீங்க? அதான் ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடட்டும்னு வச்சேன். யாருக்கும் தொந்தரவு இல்லாத நேரம்.

— எப்ப?

— ராத்திரி ரெண்டு மணிக்கு. ஏன்க்கா? என்னாச்சு?

— வினோத்... போகும்போது நான் மெயினை அணைச்சுட்டுல்லா போவேன்.

— லைட்டு மெயின்தான?

— வாசல்ல இருக்கிற பெரிய மெயினு.

— சர்வரோடயா?

— எல்லாத்தோடயுந்தான்.

— யுபிஎஸ் தாங்குமே.

— அது கீச்சுகீச்சுன்னு கத்தும். அதையும் அணைச்சிருவேன்.

— தினமுமாக்கா?

— ஒரு நாள் தவறுனதில்ல. ஆள் இல்லாத வீட்டுல எதுக்குக் கரண்டு ஓடணும்? பில் பாதியாக் கொறஞ்சிருக்குன்னு முதலாளி ஆயுத பூசைக்குச் சேலை எடுத்துக் குடுத்தாவ. இந்தா, கட்டியிருக்கேனே, இதான்.

— ஓடிக்கிட்டு இருக்கிறதைத் திடீர்னு அமத்துனா, பாதி எழுதுனது பாதியிலயே நிக்கும்க்கா. காலைல எந்திரிச்சதும் அதைச் சரி பண்ணத்தான் அது அம்புட்டு நேரம் முக்கிட்டு இருந்திருக்கு. நாந்தான் ராம் பத்தலைன்னு நெனச்சேன்.

— அணைக்காதன்னு என்னட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ.

— அணைப்பீங்கன்னு எனக்குத் தோணலையேக்கா.

— ஏட்டி, எதுக்கு இப்பக் கண்ணைக் கசக்குத? களவாண்டியா, கையூட்டு வாங்குனியா? விளக்கை அணைச்சதுக்கு ஒரு அழுகையா? தம்பி, அவளுக்குக் கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடு.

— வேண்டாம் பெரியம்மா. இதையும் எழுதணும். “தினமும் இரவு மின்சாரத்தை நிறுத்தியது நான்.”

— அக்கா! அதை எழுதாதீங்க. வேலை போயிரும்.

— நடந்ததை எழுதாம என்ன கடுதாசி அது?

— டிஸ்க் பழசாயிருச்சுன்னு எழுதுங்க. பொய்யும் இல்லை, உங்களுக்கும் ஒண்ணும் வராது.

— பாதியை எழுதிட்டுப் பாதியை மறைக்க எனக்குத் தெரியாது வினோத். கை ஓடாது. நகல் எம்புட்டுத் தூரம்?

— ஓடுது, ஓடுது... நின்னுருச்சு. ஒரு நிமிஷம். அம்புட்டையும் எடுக்கிற வரைக்கும் இது தாங்காது போல. பெரியம்மா பேரை மட்டும் மொதல்ல தேடுறேன்.

— எதுக்குய்யா வம்பு? ஊருப்பட்ட ஆளுக படம் இருக்கும். அவியளுதை எடு. என்னதை விடு.

— பெரியம்மா, மத்தவிய யாரும் இன்னைக்கு மதுரையில காத்துக் கெடக்கலை. நீங்க சும்மா இருங்க. அன்னைக்கு ஒங்க கூட யார் வந்தா? அவங்ககிட்ட காப்பி ஏதும் இருக்குமா?

— எங் கொழுந்தன் பொண்டாட்டி குருவம்மாதான் வந்தா. வேற யாரு வருவா? அவ இப்பத் திருப்பூர்ல பனியன் கம்பெனியில கெடக்கா. சோறு எறங்கலை, ஒடம்பு வத்திட்டுன்னு போன்ல அழுதா. அவட்டப் போயி படத்தைக் கேக்கவா?

— சரி சரி. அவங்களையும் ஒருக்கா வந்து காட்டச் சொல்லுங்க.

— அக்கா! கெடச்சிருச்சு. “வெள்ளத்தாய்”னு ஃபோல்டர் தெரியுது.

— ஆண்டாளே! தொற.

— தொறக்குது... உள்ள படங்களோட பேரெல்லாம் வரிசையா வருது.

— வருதா பெரியம்மா, பாத்தியளா? எந்திரிச்சு வந்து பாருங்க.

— நான் இங்கயே இருக்கேன் தாயி. காலு மரத்துட்டு.

— ஒண்ணு ஒண்ணா இழுக்குறேன்... இது வரலை. இதுவும் வரலை. பேரு மட்டுந்தான் இருக்கு, உள்ள வெறுமையா வருது. இது பாதி... இல்லை, சாம்பக் கலர்ல கோடு கோடா வருது.

— அந்தச் சத்தம் என்ன?

— டிஸ்க்கு. டக் டக்னு அடிச்சா... அக்கா, யாரும் மேசையை ஆட்டாதீங்க.

— யாரும் ஆட்டலை.

— போச்சு.

— என்ன போச்சு?

— முடிஞ்சிருச்சு. இனிமே என்னால முடியாது. மெட்ராஸ்ல பிரிச்சு எடுக்கிறவங்க இருக்காங்க, அனுப்பலாம். ஆனா மாசக்கணக்காகும். வருமான்னும் சொல்ல முடியாது.

— மாசக்கணக்கா? சாயங்காலம் முடிவு பண்ணுதாவ வினோத்.

— தெரியும்க்கா. நான் என்ன பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க. நான் என்ன பண்ணட்டும்?

— விடுங்க ரெண்டு பேரும். வரலைன்னு எழுது தாயி. நான் ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டேன்.

— இருங்க இருங்க. சாகுறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் முழுசா வந்திருக்கு. ரொம்பச் சின்ன ஃபைல். அதான் தப்பிச்சிருக்கு. படம் இல்லை. ரிப்போர்ட்டு.

— ரிப்போர்ட்டா? அதுலதான அளவு இருக்கும்! தள்ளு, நான் படிக்கேன். இங்கிலீசுல இருக்கு பெரியம்மா, தமிழ்லயே சொல்லுதேன். பேரு வெள்ளத்தாய், ஊரு வத்திராயிருப்பு, அட்டை நம்பர் இருக்கு... பித்தப்பை முன்னாடியே ஆபரேஷன்ல எடுத்தாச்சு... ஈரல்ல வலது பக்கம் சின்னதா ஒரு கட்டி. ஒன்பது மில்லிமீட்டர். இப்போதைக்குப் பெருசா ஒண்ணுமில்லை, ஆறு மாசத்துல கட்டாயம் மறுபடி பாக்கணும்.

— பெருசா ஒண்ணுமில்லைன்னுதான் அன்னைக்கும் சொன்னாவ.

— ஆறு மாசத்துல வரச் சொல்லியிருக்கே. ஏன் வரலை?

— மறந்துட்டு தாயி.

— ஒன்பது இருந்தது இப்ப முப்பத்திரண்டு. வளந்திருக்கு. அக்கா, அப்ப அறுக்கணும்தான?

— ஆமா. ஆனா கெடச்சதே பெருசு. சரியான நேரத்துல பாத்துட்டாங்க. எழுதுதேன்: “படங்களை மீட்க இயலவில்லை. அறிக்கை மட்டும் கிடைத்தது. அதன்படி அன்று கட்டியின் அளவு ஒன்பது மில்லிமீட்டர்.”

— அதை எழுதாத.

— என்ன பெரியம்மா?

— ஒன்பதை எழுதாத. டிஸ்க்கு செத்துட்டுல்லா? எல்லாம் செத்துட்டுன்னு எழுது. அந்தக் காயிதமும் வரலைன்னு எழுது.

— கத்திக்குப் பயப்படுதிய.

— கத்திக்கு இல்ல.

— பொறவு எதுக்கு?

— ஒண்ணுமில்ல. எழுத வேண்டாம்னா வேண்டாம். தம்பி, நீ சொல்லேன். அதை அழிச்சிருய்யா. ஒனக்கு ஒரு கூடை மாங்கா அனுப்புதேன்.

— பெரியம்மா, இத்தனைக்கும் நடுவுல தப்பி வந்தது இது ஒண்ணுதான். இதைப் போயி அழிக்கச் சொல்றீங்களே.

— அனுசியாக்கா! ரத்த டெஸ்ட் பெட்டி ரெடியா? மதுரை பஸ் எடுத்திருவான்.

— பால்பாண்டி, செத்த நேரம் பொறு. ஆட்டோவை அணைக்காத. இதையும் பெட்டியோட சேத்து அனுப்பணும், நேரா டாக்டர் கையில போகணும்னு கண்டக்டர்ட்டச் சொல்லு.

— தாயி, ஒன்னையக் கும்பிட்டுக் கேக்குதேன்.

— நான் செஞ்ச தப்பையே மறைக்காம எழுதியிருக்கேன் பெரியம்மா. ஒங்க உயிரு சம்பந்தப்பட்டதை மறைப்பேனா? “மேற்கண்ட தவறுகளுக்கு எங்கள் மையமே பொறுப்பு. இப்படிக்கு, அனுசியா.” வினோத், அந்த ரப்பர் ஸ்டாம்பை எடு. கோந்து?

— இந்தாங்க. மெக்கானிக்கை மாத்துனீங்களா?

— மாத்திட்டேன். ஒட்டியாச்சு. இந்தா பால்பாண்டி, மடிச்சிராத.

— மடிக்க மாட்டேன்க்கா. வாரேன்.

— ஏலே பால்பாண்டி... நில்லுலே...

— வண்டிச் சத்தத்துல அவனுக்குக் கேக்காது பெரியம்மா. முக்கு திரும்பிட்டான். அழாதிய. பித்தப்பையை எடுத்தப்பவே தாங்குன ஒடம்பு. இந்தக் கத்தி ஒங்களுக்குப் புதுசா என்ன?

— இன்னைக்கு வரைக்கும் எவனும் என் வயித்துல கத்தி வச்சதில்ல தாயி. அட்டை மட்டுந்தான் என்னது, அன்னைக்கு மிஷினுக்குள்ள படுத்தவ குருவம்மா, ரிப்போர்ட்டை வாங்கிட்டுப் போயி அவட்ட ‘ஒண்ணுமில்லட்டி’ன்னு சொன்னவ நானு.