டேனரி மீன் எண்ணெய்

காலை ஏழே முக்காலுக்கு அந்தப் பையன் வாந்தி எடுக்கத் தொடங்கினானாம். ஆம்பூர் ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரைக்காக நான் காத்திருந்தபோது, பக்கத்து பெஞ்சில் அவனுடைய அப்பாவும் அம்மாவும் பேசியது காதில் விழுந்தது.

"தண்டால் எடுத்தா போதாதா? மீன் எண்ணெய் எதுக்குய்யா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"வெயிட் தூக்கறவனுக்கு அது ரொம்ப பலமாம். ஜிம் மாஸ்டர்தான் சொன்னாரு."

"அவரு சொன்னது மருந்துக்கடை மாத்திரை. நீ டேனரில தோலுக்கு ஊத்தற எண்ணெய டப்பால மொண்டு வந்து குடுத்திருக்கே!"

"ரெண்டும் மீன் எண்ணெய்தானே? மாத்திரை வெல ஜாஸ்தி. இதுல தோலே எப்படி மெத்துனு ஆவுது, பாத்திருக்கியா?"

"என் புள்ள இன்னா ஆட்டுத் தோலா?"

"கத்தாதே. பேஜாரா இருக்குது."

"உனக்கு பேஜாரு. உள்ள அவன் கண்ணு சொருகிக் கெடக்கறான்."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போது ஊரில் இருந்தது ஒரே ஜிம். என் மகனும் அங்கேதான் வெயிட் தூக்கினான்.

கடைசியில் நர்ஸ் வந்தார். "உங்க பையன் பொழச்சிக்கிட்டான்மா. ஆனா ஜிம்முல கூட இருக்கற தோஸ்துங்களுக்கும் ஊத்திக் குடுத்தானாம். அவங்கள்லாம் யாரு வீட்டுப் பசங்க?"