சதுரத்துக்கு ஏது முதுகு

கீழேருந்து மாட்டும்மா, மேலேருந்து இல்ல. மேலேருந்து ஆரம்பிச்சா கடைசில ஒரு கொக்கி மிஞ்சி நிக்கும். ஆமா, அப்படித்தான். ஏன் இப்படிப் பயந்து பயந்து மாட்டுற? நான் ஒண்ணும் பெரிய ஆள் இல்ல லா. வெளில பேனர்ல போட்டிருக்கிற மூஞ்சி எனக்கே அடையாளம் தெரியல.

உன் பேரு என்ன? தாரணியா? வாலண்டியரா வந்திருக்கியா? நல்ல வேள, டாய்லெட் கதவத் தொறந்தது நீ. ஸ்பான்சர் பொம்பளைங்க யாராவது வந்திருந்தா மானமே போயிருக்கும். ஷோ ஆரம்பிக்கப் போற நேரத்துல, டிசைனர் சந்திரமதி முதுகு தொறந்த ரவிக்கையோட கண்ணாடி முன்னாடி முழிச்சிட்டு நிக்கிறா.

இப்படியேதான் தெம்பனிஸ் வீட்லேருந்து எம்ஆர்டி ரயில்ல வந்தேன். சிரிக்காத. மேல என் அஞ்சடுக்கு ஆர்கன்சா இருந்துச்சு, அதனால ஒருத்தருக்கும் தெரியல. ரொம்ப மெல்லிசு துணி அது, ஒண்ணு மேல ஒண்ணா அஞ்சு சதுரம் போட்டாத்தான் ஒடம்ப மறைக்கும். இங்க வந்ததும் சங்கீதா அதக் கழட்டிட்டுப் போயிட்டா. அவதான் கடைசியா நடந்து வரப்போற மாடல், இன்னிக்கு ஷோவுல முக்கியமான துணியே அதுதான். முந்தானைய இழுத்து முதுகுல ஒரு பக்கத்த மூடலாம், இன்னொரு பக்கத்துக்கு எங்க போக?

ஏன், நானே முன்கொக்கி வச்சுத் தச்சிருக்கலாமேங்கிற? நல்லாக் கேட்ட போ. வெக்கக்கேடே அதுதான். இத வெளில குடுக்கல, நானே வெட்டி நானேதான் தச்சேன். சேலை கட்டித்தான் மேடை ஏறணும்னு சொல்லிட்டாங்க. நான் எனக்குன்னு ரவிக்கை தச்சு வருஷக்கணக்காச்சு. தேக்கா கடைத்தெருவுல துணி வாங்கிட்டு வந்து, ரேடியோவப் போட்டுட்டு, மேசைல விரிச்சு வெட்டினேன். கை அது பாட்டுக்கு முதுகுப் பக்கத்த ரெண்டா வெட்டிடுச்சு. பழைய பழக்கம். இன்னிக்கு சாயங்காலம் போட்டுப் பாத்தப்பதான் என்ன பண்ணி வச்சிருக்கேன்னு ஒறைக்குது. முன்னாடி மாட்டிட்டுத் திருப்பிக்கலாம்னா, கை ரெண்டும் உள்ள இருக்கே!

பக்கத்து வீட்டுக்கா? போனேனே. மலாய்க் குடும்பம், தங்கமானவங்க, ஹரி ராயா பெருநாளுக்கு டப்பா டப்பாவா பலகாரம் குடுப்பாங்க. இன்னிக்குன்னு பாத்து அந்தப் பொண்ணு வீட்ல இல்ல, அவ புருஷன்தான் கதவத் தொறந்தாரு. அவருகிட்ட என்னன்னு சொல்றது? கொஞ்சம் உப்பு இருக்கான்னு கேட்டேன். பாவம், பிளாஸ்டிக் பையில கட்டிக் குடுத்தாரு. இதோ பாரு, ஹேண்ட்பேக்லயே கெடக்கு.

ரொம்ப இழுக்காத, நடுவுல கொஞ்சம் டைட்டா இருக்கும். சேதுபதியும் அங்கதான் திணறுவாரு. என் வீட்டுக்காரரு. கப்பல் பட்டறைல வேல, எவ்ளோ பெரிய இஞ்சினையும் பிரிச்சு மாட்டுவாரு, இந்தக் கொக்கி மட்டும் வராது. எத்தன தடவ சொன்னாலும் மேலேருந்துதான் ஆரம்பிப்பாரு. திட்டித் திட்டி என் வாய்தான் வலிக்கும். என் தங்கச்சி கல்யாணத்துல, கோணலா மாட்டிவிட்ட ரவிக்கையோட தாம்பாளம் ஏந்திட்டு நின்னேன். ஃபோட்டோல இன்னும் இருக்கு.

இன்னிக்கும் மேடைல கேப்பாங்க பாரு, இந்தச் சதுரம், முக்கோணம், அடுக்கடுக்கா துணி, இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு. எல்லாப் பேட்டிலயும் இதே கேள்விதான். ஒரு பத்திரிகைல ஜப்பான் ஸ்டைல்னு எழுதினாங்க. நான் ஜப்பான் பக்கமே போனதில்ல. எச்டிபி அடுக்குமாடி ஜன்னல்னு சொல்லிடுவேன். சதுரம் சதுரமா, ஒரு புளோக்குக்குப் பின்னாடி இன்னொரு புளோக்கா நிக்குதுல்ல, அதான்னு. எல்லாரும் தலையாட்டுவாங்க. நல்லா இருக்குல்ல? சுத்தப் பொய்.

நெசம் என்னன்னா, அது அவரு போன மறுமாசம். ஆமாம்மா, மாரடைப்பு, வேல செய்யற எடத்துலயே. அட, நீ எதுக்கு சாரி சொல்ற, உனக்கு எப்படித் தெரியும்? அப்ப நான் ஒரு யூனிஃபார்ம் கம்பெனில துணி வெட்டிட்டிருந்தேன். கம்பெனி டின்னர், போயே ஆகணும். பின்னாடி ஸிப் வச்ச கவுனு. பாதி வரைக்கும் ஏறுச்சு, அதுக்கு மேல கை எட்டல. ஸிப்புல நூலக் கட்டி இழுத்தேன், ஹேங்கர் கம்பிய மாட்டி இழுத்தேன். அவரத் தூக்கிட்டுப் போனப்ப கூட அப்படி அழல, அந்த ஸிப்புக்கு அழுதேன். அப்புறம் என்ன தோணுச்சோ, சாப்பாட்டு மேச விரிப்ப உருவி, நடுவுல கத்தரி போட்டு, தலைய உள்ள விட்டுக்கிட்டேன். சதுரத்துக்கு முன்னாடி ஏது, பின்னாடி ஏது? எப்படிப் போட்டாலும் ஒண்ணுதான். தோள்ல நிக்காம சரிஞ்சுச்சு, முக்கோணமா மடிச்சு விட்டேன். உள்ள தொறந்து கெடக்கிறது தெரியக் கூடாதுன்னு மேல இன்னொரு துணி. அவ்ளோதான் என் ஜியாமெட்ரி. டின்னர்ல ஆளாளுக்கு வந்து எங்க வாங்கினேன்னு கேட்டாங்க. அங்க ஆரம்பிச்சதுதான் இதெல்லாம்.

நீயே வெளில போய்ப் பாரு. அந்தப் பொண்ணுங்க போட்டிருக்கிறதுல ஒரு ஸிப் கெடையாது, ஒரு கொக்கி கெடையாது. எல்லாம் தலை வழியா போடுறது. ஆள் தொணையில்லாம போட்டுக்கலாம். இத்தன பேரு எழுதினாங்க, ஒருத்தர் கண்ணுலயும் அது படல.

மேடைல சொல்லிடணுமா? சொல்லலாம். எழுந்து நின்னு கை தட்டுவாங்க, கண்ணத் தொடச்சுக்குவாங்க. அதுக்கப்புறம் துணியப் பாக்க மாட்டாங்க, என்னத்தான் பாப்பாங்க. வேணாம் லா. ஜன்னலே இருக்கட்டும்.

முடிஞ்சுதா? எல்லாம் மாட்டிட்டியா, ஒண்ணும் மிஞ்சலயே? இல்லம்மா, வலிக்கல. முதுகுல ஒரு கை பட்டு ரொம்ப நாளாச்சு, அதான்.

கூப்புடுறாங்க, போறேன். தாரணி, ஷோ முடிஞ்சதும் ஓடிடுவியா? வீடு எங்க, பாசிர் ரிஸ்ஸா? அப்ப ஒரே வழிதான். கெளம்புறதுக்கு முன்னாடி இங்க ஒரு எட்டு வந்துட்டுப் போ. சங்கீதாகிட்டேருந்து அந்த ஆர்கன்சாவ வாங்கி மேல போட்டுக்கிறேன், நீ இந்தக் கொக்கியெல்லாம் கழட்டி விட்டுடு. மாட்டி விடத்தான் இப்படி யாராவது கெடச்சிடுறாங்க. வீட்டுக்குப் போனா கழட்ட ஆள் இல்ல.