வெள்ளைச்சாமியின் மூன்றாவது சோதனை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் படகுத் தொழிலாளர் சங்கத் தலைவர் உதயசூரியன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் டாலிகஞ்ச் எலக்ட்ரிக்கல் கடை கணபதி அண்ணன் அவர்களே, குட்வில் எஸ்டேட்டின் இந்தச் சின்ன மன்றத்தில் இடமில்லாமல் வெளியே வெயிலில் நிற்கும் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் என் தங்கை விஜயகுமாரியே! இன்ஜின் மெக்கானிக் ஈஸ்வரன் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. கோபம் வரும். இன்று அதுதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் படகுகளின் மின்பணியாளர், அருமை நண்பர் வெள்ளைச்சாமி போய்விட்டார். கரண்ட் அடித்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கப் பையோடு படகுத் துறை ஜெட்டிக்கு வந்த மனிதரை, அந்தப் பையோடு சேர்த்து ஆம்புலன்ஸில் ஏற்றினோம். சாயங்காலத்துக்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. "பார்க்காம கை வச்சுட்டாராம்." யார் சொன்னது? எதைப் பார்த்துச் சொன்னது?

காரியம் முடிந்த அன்று பத்துபஸ்தியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி விஜயகுமாரி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, கரண்ட் இருக்கான்னு அவரு மீட்டர் வச்சுப் பார்த்தாரா, இல்லையா? அது மட்டும் எனக்குத் தெரியணும்." அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

வெள்ளைச்சாமியா பார்க்காமல் கை வைப்பார்? கணபதி அண்ணன் கடையில் அவர் ஒரு மீட்டர் வாங்குவதற்குள் நான் ஒரு இன்ஜினையே பிரித்து மாட்டிவிடுவேன்! பின்மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ஃபியூஸைப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால், "இது ரேடியோ ரிப்பேருக்கு ஆகும்ணே, படகுக்கு ஆகாது" என்று திருப்பி வைப்பார். ஒயரைக் கவ்விப் பிடித்துப் பார்க்கும் கிளாம்ப் மீட்டரைக் காட்டினால், "பேட்டரி கரண்ட்டைக் காட்டுமா? படகுல பாதி வேலை பேட்டரிதான். வீட்டு கரண்ட்டை மட்டும் காட்டுறதை வச்சு நான் என்ன செய்ய?" என்பார். கணபதி அண்ணன் அலுத்துப்போய், "யப்பா, பொண்ணு பார்க்கக்கூட நீ இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டே" என்று சொல்லியிருக்கிறார். "நான் எங்கண்ணே பார்த்தேன், அவதானே என்னைப் பார்த்தா" என்றாராம் நம் ஆள். சரியான மீட்டர் மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் வரும் என்றால், கப்பலுக்குக் காத்திருப்பார்.

இந்தத் தீவின் உப்புக் காற்றில் நம் சாமான் எதுதான் உருப்படுகிறது! அவருடைய மீட்டர் உருப்பட்டது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காயவைத்து, இறுக மூடும் டப்பாவில் வைப்பார். சனிக்கிழமைதோறும் மீட்டரின் இரண்டு ஒயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிப் பார்ப்பார். மீட்டர் கீயென்று விடாமல் கத்த வேண்டும். எங்காவது சத்தம் நின்றால் அந்த ஒயர் குப்பைக்குத்தான். "உள்ள செம்புக் கம்பியில பச்சை பூத்திருக்கும். வெளிய பார்த்தா புதுசு மாதிரி இருக்கும்" என்பார்.

அதற்கு மேலும் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. "முதல்ல கரண்ட் இருக்குன்னு தெரிஞ்ச இடத்துல வை. அப்புறம் தெரியாத இடத்துல வை. மறுபடியும் தெரிஞ்ச இடத்துல வை, நடுவுல மீட்டர் செத்திருந்தா அப்பத்தான் தெரியும். மூணும் ஆனாத்தான் கை." நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம்?

அன்று நான் பக்கத்துப் படகில் இருந்தேன். விபத்து நடந்த படகின் அடியில் தண்ணீர் ஏறுகிறது. கரைக் கரண்ட்டில் ஓடும் பம்ப் நின்றுவிட்டது. மீன் பையோடு போனவரைக் கூப்பிட்டார்கள். "மீட்டர் வீட்டுல இருக்கு, எடுத்துட்டு வந்துர்றேன்" என்றார். "படகுலயே இருக்கு பாய், ஜல்தி, சீக்கிரம்!" எண்ணெய்த் துணிக்கு அடியில் கிடந்த ஒரு மீட்டரை எடுத்து நீட்டினார்கள். ப்ளக்கைப் பிடுங்கச் சொன்னார். ஜெட்டிக் கம்பத்தில் நாலைந்து படகுகளின் ஒயர்கள் பின்னிக் கிடக்கின்றன. யாரோ ஒன்றைப் பிடுங்கிவிட்டு, "நிகால் தியா!", பிடுங்கியாச்சு என்று கத்தினார். பிடுங்கியது வேறு படகின் ப்ளக்!

வெள்ளைச்சாமி அந்தச் சத்தத்தை நம்பிக் கை வைத்தாரா? இல்லை! கம்பத்தில் கரண்ட் இருந்த ஒரு ப்ளக் பாயிண்டில் முதலில் மீட்டரை வைத்தார். காட்டியது. ஏணியில் இறங்கி, பம்ப்பின் ஒயரில் வைத்தார். பூஜ்யம். மூன்றாவது சோதனைக்கு மறுபடி கம்பத்துக்கு வர வேண்டும். ஏணியில் ஒரு காலை வைத்தார். என் கண்ணால் பார்த்தேன். மேலே நின்ற தமிழன், தெலுங்கன், வங்காளி, மலையாளி அத்தனை பேரும் ஒரே சொல்லைக் கத்தினார்கள். "ஜல்தி! ஜல்தி!" அவர் காலை எடுத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பம்ப்பின் ஒயரில் கை வைத்தார்.

பிறகு பக்கெட்டால் இறைத்தே அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டோம். படகு இன்றும் மிதக்கிறது.

இதோ, போலீஸ் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த அந்த மீட்டர். இந்த மைக்குக்குக் கரண்ட் வரும் பலகையிலேயே வைக்கிறேன். கணபதி அண்ணே, சத்தமாகப் படியுங்கள்.

"இருநூத்திப் பதினெட்டு."

இப்போது ஒயரை நீட்டிப் பிடிக்கிறேன், படகின் அடியில் அவர் எட்டிப் பிடித்தது போல. படியுங்கள் அண்ணே.

"ஜீரோ. ஒயரைத் தளரவிட்ட பிறகும் ஜீரோதான்."

கேட்டீர்களா? வெளியே வெயிலில் நிற்பவர்களே, என் குரல் உங்களுக்குக் கேட்கிறதா? இந்த மைக் பேசிக்கொண்டிருக்கிறது, மீட்டர் கரண்ட் இல்லை என்கிறது! தங்கச்சி விஜயகுமாரி, உன் வீட்டுக்காரர் பார்த்தார். பார்த்துத்தான் கை வைத்தார். இனி எவனாவது வேறு மாதிரிப் பேசினால் என்னிடம் அனுப்பு.

தோழர்களே, சங்கத்தின் சார்பில் உறுதி சொல்கிறேன். நம் படகுகளில் இருக்கும் ஒவ்வொரு மீட்டரின் ஒயரையும் இனி சனிக்கிழமைதோறும் நாம் மடக்கிப் பார்ப்போம். ஒவ்வொரு ப்ளக்கிலும் அதன் படகுப் பெயர் இருக்கும். கீழே ஒருவர் கரண்ட்டில் வேலை செய்யும்போது, மேலே நிற்பவர்கள் வாயைத் திறக்க மாட்டோம்.

அந்த ஏணியில் ஏறி, கம்பத்தில் மீட்டரை வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிடம். இப்போது அவருக்காக மௌனமாக நிற்கப் போகிறோமே, அதே ஒரு நிமிடம். அன்று உயிரோடு நின்றவருக்கு அதை நாம் கொடுக்கவில்லை.

எழுந்து நில்லுங்கள்.