மௌனப் பட்டியல்

நான் யாருக்கும் இரண்டாம் முறை போன் செய்கிற ஆள் இல்லை. ஒரு முறை அடித்து எடுக்கவில்லையென்றால், பேச விருப்பமில்லை போலும் என்று விட்டுவிடுவேன். பிறரைத் தொந்தரவு செய்வது எனக்குப் பிடிக்காது. நீங்கள் மூன்று மணி நேரமாக ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். நான் முகம் சுளித்தேனா? வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் நிறுவனத்துக்கு நகரில் பதினாறு ரத்தப் பரிசோதனை நிலையங்கள். ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்குக் கணினி தானாகவே முடிவை மின்னஞ்சலில் அனுப்பும். அதே முகவரியிலிருந்து ‘முழு உடல் பரிசோதனை, முந்துங்கள்’ என்று வாரத்துக்கு நான்கு விளம்பரங்களும் போகும். அத்தனையும் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

மக்கள் இருக்கிறார்களே, படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கட்டத்திலும் டிக் அடிப்பார்கள். முகவரியைத் தாங்களே எழுதிக் கொடுப்பார்கள். பிறகு மெயில் வந்தால் ‘எவன்டா இவன்’ என்று ஸ்பேம் பொத்தானை அமுக்குவார்கள். ‘இனி வேண்டாம்’ என்று விளம்பரத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. எறும்பு படிக்கிற அளவு எழுத்து, சாம்பல் நிறம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இருந்தது. அதைத் தேடச் சோம்பல். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கூட்டம்.

மெயில் சேவை நடத்துகிறவர்கள் அந்த அமுக்கல்களை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். ஆயிரம் மெயிலுக்கு ஒரு புகார் என்றால் பொறுத்துக்கொள்வார்கள். மூன்றைத் தொட்டால், விளம்பரமா ரத்த முடிவா என்றெல்லாம் பார்க்காமல் எங்கள் மெயில் அத்தனையையும் குப்பைப் பெட்டிக்குத் தள்ளிவிடுவார்கள். சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை நாங்கள் நான்கைத் தொட்டோம்.

நோயை ஒரே வாரத்தில் கண்டுபிடித்தேன். எந்த மெயிலுக்கு, எந்த முகவரியிலிருந்து புகார் என்று தினமும் அறிக்கை வரும். ஒன்று விடாமல் படித்தேன். பத்தில் ஒன்பது விளம்பரத்தின் மேல் வந்த எரிச்சல். மருந்தும் எளிது: விளம்பரத்துக்குத் தனி முகவரி, வாரத்துக்கு ஒன்று போதும், ‘இனி வேண்டாம்’ பெரிய எழுத்தில். எழுதி மேலாளரிடம் கொடுத்தேன்.

“பெருசா போட்டா எல்லாரும் போயிடுவாங்களேப்பா,” என்றார். “விளம்பரத்துல கை வைக்காத. புகாரை மட்டும் கொறச்சுக் குடு.”

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அந்த ஆளிடம் எள் என்றால் எண்ணெயாக நிற்க வேண்டும். ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்.

யார் ஒரு முறை ஸ்பேம் என்று அமுக்கினாலும் அவர் முகவரி தானாக ஒரு பட்டியலில் சேரும்படி செய்தேன். மௌனப் பட்டியல் என்று பெயர் வைத்தேன். அதில் இருப்பவருக்கு எங்களிடமிருந்து இனி விளம்பரமும் போகாது, முடிவும் போகாது. வேண்டாம் என்று சொன்னவர் அவர்தானே.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. மெயில் போகவில்லையென்றால் திரையில் சிவப்புப் புள்ளி விழும். உடனே தொலைபேசி அறையில் இருக்கும் மூன்று பெண்களில் ஒருவர் அந்த ஆளைக் கூப்பிட்டு முடிவைச் சொல்லியாக வேண்டும். எங்கள் நிறுவனத்தின் விதி அது, நல்ல விதி. முதல் நாளே நாற்பது சிவப்பு. அவர்களில் மூத்தவர் என் மேசைக்கே வந்துவிட்டார்.

“என்ன சார் திடீர்னு இத்தனை? நாங்க மூணு பேருதான், ஆளுக்கு ரெண்டு காதுதான்.”

இது மேலாளர் வரை போனால் பட்டியல் வெளியே வரும். ஆகவே கணினிக்கு இன்னொரு வரி எழுதினேன்: பட்டியலில் இருப்பவர் என்றால் சிவப்புக்குப் பதில் பச்சைப் புள்ளி, ‘அனுப்பப்பட்டது’. மறுநாள் அந்த அறையில் தாயம் விளையாடலாம் போல இருந்தது. மூத்தவர் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மாதத்தில், ஆயிரத்துக்கு நான்காக இருந்த புகார் பத்தாயிரத்துக்கு நான்காக இறங்கியது. மேலாளர் எல்லோரையும் எழுந்து நின்று கைதட்ட வைத்தார். எப்படிக் குறைந்தது என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை.

இனி என் அக்கா வீட்டுக்காரர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தினார். ஊருக்கெல்லாம் பிரேக் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்த பழக்கம், சாப்பாட்டு மேசையிலும் அவர்தான் வாத்தியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தார்.

“மச்சான், உங்க கம்பெனி மெயில் வந்துச்சு. பாத்த உடனே ஸ்பேம்ல தள்ளிட்டேன். இவ்வளவு படிச்சுட்டு ஊருக்குக் குப்பை கொட்ற வேலைக்கா போன?”

அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு வலித்தது, அதை மறைக்க மாட்டேன். மறுநாள் பட்டியலைப் பார்த்தேன், இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து அவருக்குக் களைப்பு, ஈறில் ரத்தம். டாக்டர் பயமுறுத்துவார் என்று தானாகவே எங்கள் நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார். முடிவு வந்த அன்றே பார்த்தேன். வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டியதைப் போல் பத்து மடங்கு. ‘உடனே மருத்துவரைப் பார்க்கவும்’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் பச்சைப் புள்ளி.

வியாழக்கிழமை அக்கா கூப்பிட்டாள். “டேய், மாமாவோட ரிசல்ட் இன்னும் வரல. உங்க ஆபீஸ்தானே, கொஞ்சம் பாத்துச் சொல்றியா?”

“மோசமா இருந்தா அவங்களே போன் பண்ணிடுவாங்க அக்கா. வரலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். சத்து மாத்திரை வாங்கிக் குடு.”

“அப்பாடா,” என்றாள். “நீ சொன்னா சரிடா.”

ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். ஒரு முடிவை வெளியே எடுத்தால் அது ஏன் உள்ளே நின்றது என்று கேள்வி வரும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும். தவிர, சொந்தக்காரர் என்று அவருக்கு மட்டும் சலுகை காட்டினால் பட்டியலில் இருக்கும் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா? அந்தக் குப்பைக்காக ஒரு தடவை என் வாசலில் வந்து நிற்கட்டும் என்றும் நினைத்தேன். மனிதர் கடைசிவரை கேட்கவேயில்லை. அவ்வளவு திமிர்.

ஏழு வாரம் கழித்து, பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே காரில் சரிந்தார். முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். ஒன்பதாம் நாள் போய்விட்டார். அக்கா என் தோளில் விழுந்து அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். நானும் அழுதேன், அது நடிப்பு இல்லை. பிறகு அவள் அந்த முடிவைக் கேட்டு நிலையத்துக்குப் போயிருக்கிறாள். ‘அனுப்பியாச்சும்மா’ என்றிருக்கிறார்கள். அவர் போனை அவர்கள் கையிலேயே கொடுத்துத் தேடிக் காட்டச் சொல்லியிருக்கிறாள். குப்பைப் பெட்டியில்கூட இல்லை. அப்படித்தான் நான் இந்த நாற்காலிக்கு வந்தேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பட்டியலில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் மோசமான முடிவு வந்தவர்கள் அறுபத்தொரு பேர், அவரைச் சேர்க்காமல். நானே எண்ணிப் பார்த்தேன். யார் யார் என்று கேட்டால் சொல்ல முடியாது. அவர் போன மறுநாளே பட்டியலை அழித்துவிட்டேன். நிலையத்துப் பதிவில் எல்லோருக்கும் ஒரே பச்சைப் புள்ளிதான். இந்த ஓராண்டில் மோசமான முடிவு வந்தவர்கள் மொத்தம் ஒன்பதாயிரம் பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வந்ததா வந்ததா என்று கேளுங்கள். அதற்குத்தான் மூன்று பெண்கள் இருக்கிறார்களே. மெயில் அனுப்பிக் கேட்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

என்னைக் கொலைகாரன் என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: அந்த அறுபத்தொரு பேரில் ஒருவர்கூட இன்றுவரை என்மேல் புகார் சொல்லவில்லை.